மூலமென்று விட்ட ரத்தம்: தாமதத்துக்குப் பொறுப்பாளி யார்?

நம்மவர்களில் ஒரு பெரியவர் துணிக்கடை வைத்திருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். வயது ஐம்பத்தாறு. ஐந்து வேளைத் தொழுகையும் அன்றாடக் கணக்கும் தவறாத மனிதர். ஒரு நாள் சுப்ஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போன நேரத்தில் மலத்தோடு ரத்தம் போவதைக் கண்டார். அன்று மாலையே பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. "மூலந்தான் பாய், நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் வராமலா போகும்?" என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பினார்.

ஐந்து மாதம் சென்று மீண்டும் போனார். இம்முறை வேறொரு டாக்டர். முந்திய சீட்டைப் பார்த்துவிட்டு அதே மருந்தை எழுதினார். ஒன்பதாம் மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. ரத்தம் சோதித்தார்கள், ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஓர் ஆண்மகனுக்கு ரத்தம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினான்காம் மாதம் வயிறு உப்பி, வாந்தி கண்டு, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். குடல் அடைத்திருந்தது. பெருங்குடற்புற்று; ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுவைக்குப் பின் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்து மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாற்பதாம் நாள் கழிந்து அவருடைய மூத்த மகன் சங்கத்துக்கு வந்து ஒரே கேள்வி கேட்டார்: "அத்தா மூன்று முறை போனார்கள். மூன்று முறையும் ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு யாரும் பொறுப்பில்லையா?"

இதற்கு உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அன்று அவருக்குச் சொன்னதையும், பின்னர் சட்டம் தெரிந்தவர்களிடமும் வைத்தியம் தெரிந்தவர்களிடமும் கேட்டறிந்ததையும் நம் வியாபார அன்பர்கள் அனைவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே எழுதலானோம்.

முதலில் நோயின் நடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் சட்டம் விளங்காது. பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரில் சிறு பருக்கள் தோன்றுவதுண்டு. டாக்டர்கள் பாலிப் என்பார்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் வளர்ந்து புற்றாகும். அப்படி ஆவதற்குச் சாதாரணமாகப் பத்தாண்டு அளவு பிடிக்கும். இவ்வளவு நீண்ட தவணை கொடுக்கும் புற்றுநோய் அதிகம் இல்லை. பருவாய் இருக்கும்போதே கொலோனோஸ்கோப்பி என்னும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுக் கண்டுபிடித்து, அப்பொழுதே நறுக்கி எடுத்துவிடலாம். புற்று வருவதே தடுக்கப்படும்.

புற்றான பின்னும் நிலைகள் உண்டு. குடற்சுவருக்குள் அடங்கியிருந்தால் முதல் நிலை. சுவரின் தசையையும் தாண்டி வளர்ந்தால் இரண்டாவது. பக்கத்து நிணநீர்க் கணுக்களில் ஏறினால் மூன்றாவது. ஈரல், நுரையீரல் முதலிய தூர உறுப்புகளுக்குப் போனால் நான்காவது. முதல் நிலையில் கண்டு சிகிச்சை செய்தால் ஐந்தாண்டுக்குப் பின்னும் பத்தில் ஒன்பது பேருக்குமேல் உயிரோடு இருக்கின்றனர். நான்காம் நிலையிலோ பத்தில் ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் கூட. இந்த இரண்டு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு மன்றத்தில் இவையே பேசப்போகின்றன.

மூலவியாதியும் இந்நோயும் ஏன் ஒன்றாய்த் தோன்றுகின்றன? இரண்டிலும் ரத்தம் வரும். குடலின் இடப்பக்கத்திலோ மலக்குடலிலோ புற்று இருந்தால் ரத்தம் சிவப்பாகவே காணும். மலம் மெலிந்து போகும். ஒரு வாரம் மலச்சிக்கல், மறுவாரம் கழிச்சல் என்று பழக்கம் மாறும். வலப்பக்கத்தில் இருந்தாலோ ரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். களைப்பும் ரத்தசோகையுமே அடையாளம். ஆணுக்கும், மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை கண்டால், இரும்பு மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல் குடலையும் இரைப்பையையும் பார்க்க வேண்டுமென்பது வைத்தியத்தின் பாலபாடம். மேலும் ஒன்று. மூலம் மிகச் சாதாரணமான வியாதி. மூலம் இருக்கும் மனிதருக்கே புற்றும் இருக்கலாம். "மூலம் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்" என்று ஒரு டாக்டர் சொன்னாலும், மேலே வேறொன்றும் இல்லை என்று அதற்குப் பொருளாகாது.

டாக்டர்களுக்கு நியாயமாகவும் பேச வேண்டும். இருபத்தைந்து வயதுப் பையன் முக்கி வெளிக்குப் போன பிறகு சொட்டாக ரத்தம் கண்டு வருகிறான். டாக்டர் சோதித்து, மூலமென்று மருந்து கொடுத்து, "மூன்று வாரத்தில் நிற்காவிட்டால் திரும்பி வா" என்று சொல்லி அனுப்புகிறார். பின்னால் அது புற்றென்று தெரிந்தாலும் அவரைக் குற்றம் சொல்வது கடினம். கைராசியான டாக்டரும் தவறக் கூடும். கவனக்குறைவு என்பது வேறு. ஐம்பது தாண்டியவர் ரத்தம் என்று சொல்லும்போது எத்தனை நாளாய் என்று கேளாமலும், எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா என்று விசாரியாமலும், கையுறையிட்ட விரலால் மலக்குடலைத் தொட்டுப் பாராமலும், அடுத்த வருகையிலும் அதற்கடுத்த வருகையிலும் பழைய சீட்டையே திருப்பி எழுதுவதுதான் கவனக்குறைவு. மலக்குடற்புற்றுகளில் ஒரு பகுதி விரலுக்கே தட்டுப்படும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும்.

இனிச் சட்டம். வழக்குத் தொடுப்பவர் மூன்றைக் காட்ட வேண்டும். டாக்டருக்கு நம்பால் கடமை இருந்தது. அந்தக் கடமையில் தவறினார். அந்தத் தவறினாலேயே கேடு விளைந்தது. முதலாவது பற்றித் தகராறு வருவதில்லை.

இரண்டாவதைத் தீர்மானிக்க 1957-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த போலம் விதி இன்றளவும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடிப்படையாக இருந்துவருகிறது. பொறுப்புள்ள சக டாக்டர்களில் ஒரு சாரார் அம்முறையைச் சரியென ஏற்பார்களானால், வேறு சிலர் மாறாகச் சொன்னாலும் அவர் தவறியவராகார். இது டாக்டர்களுக்கு மிகப் பெரிய குடை என்று பலர் குறைப்பட்டதுண்டு. 1997-இல் போலித்தோ வழக்கில் பிரபுக்கள் சபை அக்குடையில் ஒரு கிழிசல் போட்டது: அந்தச் சாராரின் அபிப்பிராயம் தர்க்கத்துக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். நோயறிதலிலும் சிகிச்சையிலும் இவ்விரண்டும் சேர்ந்தே செல்லும் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2017-இல் உறுதி செய்தது. நோயாளிக்குச் சொல்ல வேண்டிய ஆலோசனை விஷயத்தில் மட்டும் சட்டம் வேறு வழி சென்றிருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கென்றே இயற்றிய சட்டப்பிரிவு 2022 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. நம் பெரியவரின் சங்கதியில் இரண்டாவது கேள்வி அவ்வளவு கடினமன்று. ரத்தமும் போகிறது, ரத்தசோகையும் இருக்கிறது, வயதும் ஐம்பத்தாறு. ஸ்கோப்புக்கு அனுப்பாதது சரி என்று எந்தப் பொறுப்புள்ள டாக்டர் சாட்சி சொல்வார்?

வழக்குகள் கவிழும் இடம் மூன்றாவது கேள்விதான்.

2005-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்கள். அது குடற்புற்று அன்று, நிணநீர்ப் புற்று. ஆனால் சட்டக் கேள்வி ஒன்றே. 1994-இல் ஒருவர் அக்குளில் கட்டியோடு டாக்டரிடம் போனார். கொழுப்புக்கட்டி, பயமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து வேறொரு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, புற்றென்று தெரிந்தது. டாக்டரின் தவறால் ஒன்பது மாதம் வீணாயிற்று என்று மன்றம் கண்டது. உடனே சிகிச்சை செய்திருந்தால் குணமாகும் வாய்ப்பு நூற்றுக்கு 42; தாமதத்தால் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. தவறு நிரூபணமாயிற்று, நஷ்டமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் வழக்குத் தள்ளுபடியாயிற்று. காரணம் யாதெனில், 42 என்பது பாதிக்குக் கீழே. அதாவது தாமதமே இல்லாவிட்டாலும் அவர் குணமாகாமல் போவதற்கே அதிகச் சாத்தியம். ஆகவே குணமாகாததற்குத் தாமதம் காரணமென்று சொல்ல முடியாது. வாய்ப்பு குறைந்ததற்கென்று தனியாக நஷ்டஈடும் கிடையாது. ஐந்து நீதிபதிகளில் மூவர் இப்படி; நிக்கல்ஸ் பிரபுவும் ஹோப் பிரபுவும் மாறுபட்டனர்.

வியாபாரி மனம் இத்தீர்ப்பை எளிதில் ஏற்பதில்லை. நூறு மூட்டையில் நாற்பத்திரண்டு கரை சேரும் என்றிருந்த கப்பலைக் காக்க வைத்து, இருபத்தைந்துதான் சேரும் என்று ஆக்கிவிட்டவன் பதினேழு மூட்டைக்குப் பதில் சொல்ல வேண்டாமா? இரு நீதிபதிகளின் மாற்றுக் கருத்தே நம் மனத்துக்கு நியாயமாகப்படுகிறது. ஆனால் மனிதன் மூட்டை அல்லன். ஒரே ஆள் ஒன்று பிழைப்பார், அல்லது பிழையார். நூற்றில் பதினேழு பங்கு பிழைப்பதில்லை என்பது பெரும்பான்மையோர் வாதம்.

இப்பொழுது குடற்புற்றின் கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். முதல் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்குமேல்; நான்காம் நிலையில் பத்தில் ஒருவர் அளவு. எனவே தாமதம் தொடங்கிய நாளில் நோய் முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ இருந்தது என்று காட்டிவிட்டால், பாதிக் கோட்டை எளிதில் தாண்டலாம். அன்றைக்கே ஈரலுக்குப் போயிருந்ததென்றால், டாக்டர் எவ்வளவு அசட்டையாக இருந்திருப்பினும் நஷ்டஈடு பெரும்பாலும் கைக்கு வராது. முன்னதாகவே சிகிச்சை கிடைத்திருந்தால் வேதனையாவது குறைந்திருக்குமா என்ற அளவில் நின்றுவிடும். அன்றைக்கு எந்த நிலை என்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இன்றைய கட்டியின் அளவு, ஸ்கேன் படம், நோய் வளரும் வேகம், பழைய ரத்தச் சோதனை ஆகியவற்றைக் கொண்டு நிபுணர்கள் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்குக்கு ஆதாரம் ஒரு தேதி: நோயாளி முதன்முதல் எந்த நாளில், எந்தக் குறையை, யாரிடம் சொன்னார்?

பொறுப்பு எப்பொழுதும் ஒரு டாக்டரின் தலையில்தான் விழும் என்றும் நினைக்கக் கூடாது. 2019-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு நுரையீரற்புற்று வழக்கில், ஒரு பெண்மணிக்கு 2007, 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ஒரே பொது மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் ஒரு நிழல் தெரிந்திருந்தது. புற்றென்று கண்டது 2012-இல். அவசரப் பிரிவு டாக்டர்கள் தவறியவர்களல்லர் என்று மன்றம் சொல்லிற்று. ஆனால் படத்தின் அறிக்கை வந்த பின் அதைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு போதாதென்றும், அத்தாமதத்தில் நோய் வளர்ந்து பரவிற்றென்றும் கண்டு மருத்துவமனையைப் பொறுப்பாக்கிற்று. குடல் நோயிலும் இப்படிப்பட்ட ஓட்டைகள் உண்டு. மலச் சோதனையில் ரத்தம் உண்டென்று வந்த தாள் கோப்பிலேயே உறங்குவது. குடல் சுத்தமாகாததால் ஸ்கோப் பாதி வழியில் நின்றும் மறுமுறை நாள் குறியாமல் விடுவது. பயாப்ஸி முடிவு ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலுமாக இருப்பது. "ஒன்றும் தகவல் வரவில்லை, ஆகவே நல்லதுதான்" என்று நம்மவர்கள் இருந்துவிடுகிறார்கள். சரக்கு அனுப்பினவன் ரசீது வராவிட்டால் அப்படி இருப்பானா?

மார்க்கம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்று மகன் கேட்டார். வழக்குப் போடுவது கத்ரை மறுப்பதாகுமோ என்ற அச்சம் அவருக்கு. ஆயுள் அல்லாஹ்விடத்தில் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் மருந்து செய்துகொள்ளச் சொன்னார்கள். வைத்தியம் இன்னதென்று அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீது அபூதாவூதிலும் வேறு கிரந்தங்களிலும் இருக்கின்றது. இதை வைத்து ஹிஜ்ரி 751-இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் அவர்கள் ஜாதுல் மஆத் என்னும் நூலில் வைத்தியர்களை வகை பிரித்து எழுதுகிறார்கள். தொழிலறிந்து, அதன் கடமையை முழுதும் செலுத்தி, அனுமதியோடு செய்த வைத்தியரின் கையால் தவறு நேராமலே கேடு விளைந்தால் அவர்மேல் ஈடு இல்லை. அறியாதவன் செய்தால் ஈடு உண்டு. அறிந்தவரே கை தவறினாலும் ஈடு உண்டு. அதை யார் செலுத்துவது என்பதில் மட்டும் பேச்சு. தீர்ப்பு மனிதரைத் தண்டிக்க அன்று, உரிமையை உரியவரிடம் சேர்க்க. நம் வியாபாரத்தில் ளமான் என்று சொல்லுகிறோமே, அதே சொல்தான். ஒப்படைத்த பொருளைக் கவனமின்றிக் கெடுத்தவனிடம் ஈடு கேட்பதைக் கத்ரை மறுப்பதென்று எவரும் சொல்வதில்லை. மன்னித்துவிடும் உரிமையும் வாரிசுகளுக்கு உண்டு. ஆனால் மன்னிப்பது ஒன்று, என்ன நடந்தது என்று கேட்கவே அஞ்சுவது மற்றொன்று.

நம் பக்கத்துத் தாமதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெருநாள் வியாபாரம் முடியட்டும், சரக்கு இறங்கட்டும், ஊருக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று ஆறு மாதத்தைத் தள்ளிவிடுகிறோம். ஊரில் யாரோ கொடுத்த லேகியத்தை இன்னும் நான்கு மாதம் தின்கிறோம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கோப் சீட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பின்னர் வழக்குப் பேசினால், அந்தப் பங்கைக் கழித்தே மன்றம் ஈடு கொடுக்கும். சில வேளை ஒன்றும் கொடாது. வெட்கமும் ஒரு காரணம். பின்துவாரத்தைப் பிறர் பார்ப்பதா என்று மறுத்தவர்களை அறிவோம். சிகிச்சைக்காக அவ்ரத்தைத் தேவையான அளவு காட்டுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று எந்த ஆலிமும் சொல்வார். ரமலானில் ஸ்கோப் வந்தால் முதல் நாளே பேதி மருந்து குடிக்க வேண்டியிருப்பதால் எப்படியும் நோன்பு நிற்காது; நோயாளிக்குச் சலுகை உண்டு, பின்னால் களாச் செய்யலாம். டாக்டர் அவசரம் என்றால் ஷவ்வால் பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகும் அப்படியே. மூன்றாம் நிலைக்காரருக்கு மருந்துச் சிகிச்சை எட்டு வாரத்துக்குள் தொடங்குவது முறை. உடம்பு தேறட்டும் என்று ஊரில் போய் நான்கு மாதம் இருந்துவிட்டு வருவது கெடுதி.

நோய்க்குறி ஒன்றும் இல்லாதவர்கள் ஐம்பது வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளலாம். சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் மூலம் இதை இலவசமாகப் பெறலாம். மலேசியாவில் சர்க்கார் கிளினிக்குகளில் கேட்கலாம். ஆனால் கண்ணுக்கே ரத்தம் தெரிபவருக்கு இது போதாது, அவர் டாக்டரிடம் நேரே சென்று, "மூலமென்றால் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள், எத்தனை நாளில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

காலவரையறையும் அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் உடற்கேட்டு வழக்குக்கு மூன்றாண்டு. கேடு நேர்ந்த நாளிலிருந்தோ, அதை அறிந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணுவார்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார்மேல் ஆறாண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரிமேல் 36 மாதந்தான். இறந்தவருக்காகக் குடும்பத்தார் தொடுக்கும் வழக்குக்குத் தனிக் கணக்கு உண்டு. உடனே வக்கீலைக் கேட்பதே வழி. இரு நாட்டு மருத்துவ மன்றங்களுக்கும் புகார் எழுதலாம். அது டாக்டரை விசாரிப்பதற்கேயன்றி நஷ்டஈட்டுக்கன்று.

மகன் வக்கீலிடம் போனபோது கையில் ஒன்றும் இல்லை. கடையில் இருபது வருஷத்துச் சரக்குச் சீட்டு அடுக்கியிருந்தது. கிளினிக்கிலிருந்து ஒரு தாள் கிடையாது. கிளினிக் கொடுத்த பதிவில் முதல் வருகைக்கு நேரே மூலம், களிம்பு என்ற இரண்டு சொற்களே இருந்தன. ரத்தம் எத்தனை நாள், சோதித்தாரா இல்லையா, ஒன்றும் இல்லை. பிறகு பெரியவரின் சொந்தச் செலவுப் புத்தகம் அகப்பட்டது. அதில் அவர் கையாலேயே தேதியிட்டு, "கிளினிக், மலத்தில் ரத்தம் பத்து நாள், மருந்து" என்று தொகையோடு எழுதியிருந்தார். ஐந்து மாதத்துக்குப் பின் மீண்டும் அப்படி ஒரு வரி. வக்கீல் முதலில் நகலெடுத்தது அந்தப் பக்கங்களைத்தான்.

நிபுண அறிக்கை எழுத ஒப்புக்கொண்ட அறுவை வைத்தியர் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, மகனின் வயதைக் கேட்டார். நாற்பத்திரண்டு. தகப்பனுக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகள் ஐம்பது வரை காத்திருக்கலாகாது. நாற்பதிலேயே, அல்லது தகப்பனுக்குக் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முந்தி, இவற்றில் எது முன்னதோ அப்பொழுதே ஸ்கோப் பார்க்க வேண்டும் என்றார். "நீங்கள் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார். பெருநாள் வியாபாரம் முடிந்ததும் பார்ப்பதாக மகன் சொன்னார். கூடப் போயிருந்த நாங்கள் விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் வாங்கிக்கொண்டே திரும்பினோம்.